மீசையை அறுத்தவள்

ஆக்சா பிளேடு பாதியில் மாட்டிக்கொண்டது.

பல்லைக் கடித்து இழுத்தாள். வரவில்லை. முழங்காலை முன்சக்கரத்தில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. கறுப்புத் தூள் மூக்கில் ஏறியது. 'டக்' என்றது. ரேஸ் பைக்கின் வலது பக்க இறக்கை உடம்பை விட்டுக் கழன்று சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தது.

பாதி வேலை முடிந்தது. இடது பக்கம் பாக்கி. அதுதான் கொலைகாரப் பக்கம்.

ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தாள். வெளியே ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஓட்டுபவர்களை எல்லாம் ஒரு திறந்த லாரியில் நிறுத்தி, கூட்டத்துக்குக் கையசைக்க வைத்து, மைதானத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த சந்து அவ்வளவுதான். அவசரத்துக்கென்று இருந்த மாற்று முகப்பை அணியின் சாமான் லாரிக்குள் வைத்தே முதலில் நறுக்கித் தள்ளிவிட்டு வந்திருந்தாள். இந்த இரண்டு இறக்கையும் போய்விட்டால் வண்டி பரிசோதனையில் தேறாது. வண்டி தேறாவிட்டால் தம்பி ஓட்ட மாட்டான். ஓட்டாவிட்டால் சாக மாட்டான். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

இதற்கு விற்பனைப் பிரிவு வைத்த பெயர் இறக்கை. ரேஸ் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மீசை என்பார்கள். வண்டியின் மூக்குக்கு இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்பதால் மீசை. வேகத்தில் காற்று அதை அழுத்தும், அது முன்சக்கரத்தைத் தரையோடு அமுக்கும் என்பது விளம்பரம். அந்த மீசையைக் களிமண்ணில் பிடித்து, வழித்து, முறுக்கிவிட்டவள் இதே அவள்தான். கம்பெனியின் வடிவமைப்புக் கூடத்தில் களிமண் மாதிரி செய்பவள்.

ஷட்டருக்கடியில் ஒரு தலை நுழைந்தது. தலைமை மெக்கானிக். அணியில் எல்லோருக்கும் அவர் சீஃப். கையில் பாதி கடித்த சாண்ட்விச்.

"யாரும்மா அது... மேடமா? என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? சவரம்."

சீஃபின் கண் தரையில் கிடந்த மீசைக்குப் போனது. வாயில் இருந்ததை மெல்ல மறந்துவிட்டார்.

"பிளேடக் கீழ வைங்க மேடம். வெட்டி விளையாட இது கேக் இல்ல."

"கேக்கு வெட்டறதெல்லாம் உங்க வேலை சீஃப். போன ரேஸ்ல என் தம்பி ஆஸ்பத்திரில கெடந்தப்ப வெட்டினீங்களே. நான் இத மட்டும் வெட்டிட்டுப் போயிடறேன்."

சீஃப் சாண்ட்விச்சைக் கருவிப்பெட்டி மேல் வைத்துவிட்டு, துடைக்க ஒன்றுமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டார்.

 இந்தக் கொட்டகையின் வாசனையே இப்போதெல்லாம் அவளுக்குப் பிடிப்பதில்லை. பெட்ரோல் இல்லை, அது பிடிக்கும். பெட்ரோல் மேல் தெளித்திருக்கும் ஓட்டல் வாசனைதான் ஆகவில்லை. பின்பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த கூடாரம், உள்ளே வெள்ளை சோபா, குளிர்ந்த கண்ணாடிக் கோப்பைகள், விருந்தினர்களுக்குக் காது வலிக்கக் கூடாதென்று பஞ்சு உருண்டை. ரேஸைப் பார்க்க வந்தவர்கள் ரேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு விதத்தில் நியாயம்தான், பார்க்க என்ன இருக்கிறது? முன்னால் போகிறவன் வண்டி கிளப்பும் கொதிகாற்றில் பின்னால் வருகிறவன் டயர் வெந்து போகிறது. முந்தப் போனால் வழுக்குகிறது. முதல் திருப்பத்தில் யார் முன்னால் நுழைந்தானோ அவன் கடைசி வரை முன்னால். பெரிய சத்தத்தோடு ஓர் ஊர்வலம். ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அப்பாவின் கம்பெனிப் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அணியில் சீட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அவள் தம்பி மாதிரி, இரண்டாவது வண்டிக்காரர்கள்.

அணிக்கு முதல் வண்டிக்காரர் ஒருவர் உண்டு, ஜெயிக்க வேண்டியவர். பட்டறை அவருக்கு வைத்த பெயர் இளவரசர். ஹெல்மெட்டை மாட்டும் முன்னால் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும் ஒரே ஜென்மம். தம்பிக்குப் பட்டப்பெயர் சுண்டெலி. சந்து கிடைத்தால் நுழைந்துவிடுவான் என்பதால்.

இடது மீசையில் பிளேடை வைத்தாள். சீஃப் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், முரட்டுத்தனமாக இல்லை.

"மேடம், நான் சொல்றேன். வண்டி மேல தப்பில்ல."

"அப்ப என் தம்பி மேல தப்பா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பின்ன யார் மேல? திருப்பத்து மேலயா? தார் ரோட்டு மேலயா? வண்டியோட சென்சார் பதிவக் காட்டுங்கன்னு கெஞ்சினேன். அழிஞ்சு போச்சுன்னீங்க. மத்த வண்டிப் பதிவெல்லாம் பத்திரமா இருக்கு, அந்த ஒண்ணு மட்டும் அழிஞ்சு போச்சா?"

சீஃப் மணிக்கட்டை விட்டுவிட்டார். ஷட்டருக்கடியில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்தபடி, "முகம் சாரக் கூப்பிடப் போறேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிக் குனிந்து வெளியேறினார்.

முகம் சார் என்பவர் விற்பனைத் தலைவர். நிஜப் பெயரைக் கூடத்தில் யாரும் உபயோகிப்பதில்லை. முதல் கூட்டத்திலேயே அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது. "எனக்கு இன்ஜின் வேணாம், சக்கரம் வேணாம். முகம் குடுங்க. கோவமான முகம். பக்கத்து சிக்னல்ல நிக்கறவன் பயப்படணும்."

கொடுத்தார்கள். விளக்கு இரண்டையும் குளவிக் கண் மாதிரி இடுக்கினார்கள். போதவில்லை. கன்னத்தில் காற்று போகப் பொந்து கேட்டார். பொந்து வைத்தார்கள். உள்ளே காற்று போக வழியே கிடையாது, பின்னால் கறுப்பு வலை ஒட்டி அடைத்த பொந்து. பக்கவாட்டில் போல்ட் தெரிந்தால் ரேஸ் வண்டி மாதிரி இருக்குமென்றார். பிளாஸ்டிக்கிலேயே போல்ட் தலையை வார்த்தார்கள், எந்த ஸ்பேனராலும் கழற்ற முடியாத போல்ட். வாலை வெட்டி வானத்துக்குத் தூக்கி, பின்னால் உட்காருபவளுக்கு ஒரு ரொட்டித் துண்டு அகலத்துக்கு சீட்டு விட்டார்கள். மழையில் போனால் அவள் முதுகில் தெருவே ஏறும். கேட்டதற்கு, "மழையில யாரு விளம்பரம் எடுக்கப்போறா?" என்றார். கடைசியாக, "இன்னும் கோவம் பத்தல" என்று சொல்லி, மூக்குக்கு இரண்டு பக்கமும் விரலால் காற்றில் முறுக்கிக் காட்டினார். மீசை பிறந்தது அங்கேதான்.

அது சந்தையோடு நின்றுவிட்டுப் போகட்டும் என்றால் விதி ஒன்று இருக்கிறது. இந்தப் போட்டியில் கடையில் விற்கும் வண்டியின் உருவமும் களத்தில் ஓடும் வண்டியின் உருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். களத்தில் பிறந்தது கடைக்குப் போக வேண்டுமென்று யாரோ நல்லவர் எழுதிய விதி. இப்போது கடைக்காகப் பிறந்தது களத்துக்கு வருகிறது. சிக்னலில் நிற்பவனைப் பயமுறுத்த முறுக்கிய மீசையைக் கட்டிக்கொண்டு தம்பி கண் மண் தெரியாத வேகத்தில் போக வேண்டும்.

போன ரேஸில் போனான். அவள் விருந்தினர் மாடத்தில் இருந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. முன்னால் இளவரசர், கொஞ்சம் பின்னால் இன்னும் இருவர், நடுக்கூட்டத்தில் தம்பி. மைதானத்தின் தூரக் கோடியில், இடது பக்கம் வளையும் நீளமான திருப்பத்தில், அவன் வண்டியின் முன்பக்கம் கையை விட்டு நழுவியது. வண்டி பொறி பறக்கச் சறுக்கித் தார் மேலேயே கிடந்தது. அவன் சரளைக்கல்லில் உருண்டு போய்க் கிடந்தான். கிடந்த இடத்தில் அசையவே இல்லை.

ஆள் அசையவில்லை, வண்டி பாதையில் கிடக்கிறது. சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் ஓடியான பிறகு நிறுத்தினால் மீண்டும் ஓட்டுவதில்லை. யார் எந்த இடத்தில் இருந்தார்களோ அதுவே முடிவு. இளவரசர் ஜெயித்தார். டயர் தேய்ந்து தடுமாறிக்கொண்டிருந்தவருக்கு அதிர்ஷ்டம் என்று எல்லோரும் எழுதினார்கள். மறுநாள் புது வண்டியின் வெளியீட்டு விழா. 'முதல் ரேஸிலேயே வெற்றி' என்று பேனர் கட்டி, வண்டி வடிவத்தில் கேக் செய்து, மீசையை மட்டும் தனியாக ஒரு தட்டில் வைத்து முகம் சாருக்கு ஊட்டினார்கள்.

தம்பிக்குத் தோள் எலும்பு உடைந்திருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். அம்மா வீட்டில் டிவியில் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து டிவியைப் போடுவதில்லை. யாரிடமும் அதிகம் பேசுவதும் இல்லை. பேசினால் ஒரே வாக்கியம்தான். "ஒரு வெரலயாவது அசைச்சிருக்கலாம்டி அவன்."

அந்த வாக்கியம் அவளைக் கூடத்துக்குத் துரத்தியது. பழைய களிமண் மாதிரியின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். களிமண்ணில் முழு வண்டியைச் செய்வதில்லை. பாதி வண்டிதான் செய்வார்கள். வலது பாதி. நடுவில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்திவிட்டால் மறுபாதி அதில் தெரியும், கண்ணுக்கு முழு வண்டி கிடைத்துவிடும். முகம் சார் அதைத்தான் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வலது பாதியை அளந்து, கம்ப்யூட்டர் அதைத் திருப்பிப் போட்டு இடது பாதி செய்துகொள்ளும். எல்லாக் கூடங்களிலும் வழக்கம் அதுதான்.

ஆனால் ரேஸ் இன்ஜினுக்கு இடது பக்கத்தில் ஒரு குழாய் துருத்திக்கொண்டு நிற்கிறது. வலது பக்கத்தில் கிடையாது. கண்ணாடிக்கு அது எப்படித் தெரியும்? வலது மீசைக்கு நல்ல காற்று, இடது மீசைக்குக் குழாயில் மோதிக் கலங்கிய காற்று. வண்டி இடது பக்கம் சாயும்போது அந்த மீசை அமுக்காது, தூக்கும். தம்பி விழுந்தது இடது திருப்பம்.

கண்டுபிடித்த அன்றே கம்பெனிக்கு எழுதினாள், படம் வரைந்தாள், கெஞ்சினாள். 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு பதில். தம்பியிடம் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விடுக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான். அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டான். இன்றைக்கு அதே மைதானம், அதே திருப்பம், ஆறாத தோள்.

இடது மீசை கழன்று கையோடு வந்தபோது ஷட்டர் முழுசாக மேலே போனது.

முகம் சார். கூடவே சீஃப், இரண்டு மெக்கானிக்குகள். அவர் தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. வாட்ச்சைத் திருப்பினார்.

"மாத்து முகப்பு?"

"அதையும் முடிச்சிட்டாங்க சார்" என்றார் சீஃப். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது.

"அப்ப இன்னைக்கு இந்த வண்டி ஓடாது சார்" என்றாள். "இடது பக்கம் தூக்குது. நான் செஞ்சது, நான் சொல்றேன். ஒருத்தன் உயிரு சார்."

முகம் சார் அவளை ஏதோ நல்ல ஓவியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"எவ்ளோ அக்கறை உங்களுக்கு. நெஜமாவே மனசு கஷ்டமா இருக்கு." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "கூடாரத்துல சுத்திக்கிட்டு இருக்கே ஒரு வண்டி, அதுலேர்ந்து முகப்பக் கழட்டிட்டு வாங்கப்பா."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. விருந்தினர் கூடாரத்தில், மெத்தென்ற விளக்கொளியில், சுழலும் மேடை மேல் நின்றுகொண்டிருக்கும் கடை வண்டி. கடையில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒரே உருவம். அதே துளைகள். அதே பிடிப்புகள். ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டுமென்று ராத்தூக்கம் கெட்டு இழைத்தவளும் அவள்தான். லாரியை யோசித்தவள் கூடாரத்தை யோசிக்கவில்லை.

கொண்டு வந்தார்கள். சோபாக்காரர்கள் தடவிப் பார்த்த விரல் தடங்கள் மேலேயே இருந்தன. விலைச் சீட்டைக்கூட மெக்கானிக் கடைசியில்தான் கிழித்தான். 'டிக், டிக்' என்று பிடிப்புகள் உட்கார்ந்தன. வண்டிக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது.

"மேடமோட பாஸை வாங்கிக்குங்க" என்றார் முகம் சார். "திங்கக்கிழமை பேசிக்கலாம். ஸாரி, பேச ஒண்ணும் இருக்காது." போகிற போக்கில் தரையில் கிடந்த மீசையைக் குனிந்து எடுத்துத் தூசு தட்டினார். "இது வீணாப் போக வேணாம். ரசிகர் யாருக்காவது கையெழுத்துப் போட்டுக் குடுத்துடலாம்."

காவலாளி அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தான். தேய்ந்த டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த சந்து. அங்கே தம்பி நின்றுகொண்டிருந்தான். தோல் உடை கழுத்து வரை மூடியிருந்தது. ஹெல்மெட் கக்கத்தில். காவலாளியிடம், "ஒரு நிமிஷம் அண்ணே, என் அக்கா" என்றான். காவலாளி தள்ளிப்போய் நின்றான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்ட? வேலையே போயிடுச்சாமே."

"வேலை கெடக்கு. நீ ஏறாதடா. தோள் வலிக்குதுன்னு சொல்லு. மயக்கமா இருக்குன்னு சொல்லு. என்ன வேணாச் சொல்லு. அந்தத் திருப்பத்துல மறுபடி தூக்கும்டா. என் தப்புடா அது. கண்ணாடிய நம்பி..."

"அக்கா."

"அம்மா இன்னொரு தடவை அதப் பாக்க முடியாதுடா."

"அக்கா, இத மாட்டிவிடு." வலது கையை நீட்டினான். கையுறை பாதி ஏறியிருந்தது. "இடது கை மேல தூக்க வரல. பட்டைய இழுக்க முடியல."

அவள் அவன் கையைப் பிடித்து, விரல் விரலாகக் கையுறையை ஏற்றினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை மாட்டிவிட்டபோதும் இப்படித்தான், முகத்தைப் பார்க்காமல் நீட்டுவான்.

"மீசை தூக்கவே இல்லக்கா" என்றான்.

"உனக்குத் தெரியாதுடா. அந்த வேகத்துல..."

"எனக்குத்தான் தெரியும். வண்டி கல்லு மாதிரி இருந்துச்சு. நல்ல வண்டிக்கா அது. நீ செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு." கக்கத்து ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டான். "நீ அந்தக் கண்ணாடி கண்ணாடின்னு உன்னையே கொன்னுக்கறதப் பாக்க முடியல. அதான் போன எடுக்கல."

அவள் விரல் நின்றது.

"முன்பிரேக்க நான்தான் புடிச்சேன். அந்த எடத்துலதான் புடிக்கணும்னாங்க. அங்க சரளை அகலம், அடி கம்மியாப் படும், கேமரா கிட்டக்க இருக்குன்னு முகம் சார் படம் போட்டுக் காமிச்சாரு. இளவரசருக்கு டயர் போயிடும்னு முன்னாடியே தெரியும் அவங்களுக்கு. தோளு ஒடையும்னு மட்டும் யாருக்கும் தெரியல."

ஒலிபெருக்கி யாருடைய பெயரையோ கத்தியது. கூட்டம் பதிலுக்கு ஊளையிட்டது.  

"மத்தவன்லாம் ஸ்பான்சரக் கொண்டு வர்றான். நான் எதக் கொண்டு வர்றது சொல்லு. விழுந்தா அடுத்த வருஷமும் சீட்டுன்னாங்க." அவன் கீழே பார்த்தான். "விழறது ஈஸிக்கா. அதுக்கப்புறம்தான்... எழுந்திரிக்காத, அசையாம கெட, அப்பதான் கொடி காட்டுவாங்கன்னாங்க. படுத்திருந்தேன். அம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும். கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அவன் அதற்கு முன்னாலேயே தலையை ஆட்டினான்.

"இன்னைக்கு எந்தத் திருப்பம்னு இன்னும் சொல்லலக்கா. கிளம்பற கோட்டுல நிக்கறப்ப சொல்வாங்களாம்."

கொட்டகைப் பக்கம் சைரன் ஒலித்தது. காவலாளி திரும்பிப் பார்த்தான். தம்பி கையை இழுத்தான். கையுறைப் பட்டையின் ஒரு முனை அவன் மணிக்கட்டுப் பக்கம் கையுறையில் தைத்திருந்தது. மறுமுனை அவள் முஷ்டிக்குள் இருந்தது. அவன் இன்னொரு தடவை இழுத்தான்.